சிவப்புப் பையில் போனது

19.03.2024 செவ்வாய்

இன்றைக்குத் திரும்ப வேலைக்குப் போனேன். சிட்னி செவன் ஹில்ஸில் எங்கள் தொழிற்சாலையில் ஒன்றும் மாறவில்லை. அதே நீலத் தொப்பி, அதே கையுறை. பெல்ட்டில் பொரித்த ரோல்ஸ் வருகிறது, பன்னிரண்டை எடுத்துப் பெட்டியில் அடுக்குகிறேன், அடுத்த பன்னிரண்டு வருகிறது. பக்கத்தில் நிற்கிற கமலினி ஒரு மணித்தியாலம் வாய் திறக்கவில்லை. பிறகு, "பவளமக்கா, உங்கட தொப்பி முன்பின்னாக் கிடக்கு, மனேச்சர் பாத்தால் நீங்கள் போறீங்களோ வாறீங்களோ எண்டு தெரியாமல் நிப்பார்" என்றாள். சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு வெட்கமாக இருந்தது.

என் மகள் சிவாஜினி போய் இன்றைக்குச் சரியாக ஆறு கிழமை.

இந்த டயறி பொங்கலுக்குக் கடைக்காரர் சும்மா தந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை வரும். யார் பார்க்கப் போகினம். இவருக்குச் சொல்ல முடியாத ஒன்றை எங்கேயாவது வைக்க வேணும், அதற்குத்தான் எழுதுகிறேன்.

அவள் கடைசியாக வீட்டில் நின்ற சனிக்கிழமை. மத்தியானம் மேசையில் கொம்பியூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள். இடியப்பத்தைத் தொடவில்லை. "அம்மா, நான் பெரிய பிழை ஒண்டு விட்டிட்டன்" என்றாள். நான் சொதி கொதிக்கிறது என்று குசினியில் நின்றேன். "பிழை எண்டால் திருத்து. அதுக்கேன் சாப்பிடாமல் இருக்கிறாய், இடியப்பம் காயுது" என்றேன். சிரித்துவிட்டு மூன்று இடியப்பம் சாப்பிட்டாள். ஞாயிறு காலமை, பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட வாடகைக்கு எடுத்த தன் அறைக்குப் போய்விட்டாள். திங்கள் பல்கலைக்கழகத்தில் கதிரையிலிருந்து விழுந்தாள். தலைக்குள் நரம்பு வெடித்ததாம். செவ்வாய் இல்லை.

இருபத்தேழு வயது.

என்ன பிழை? நான் ஏன் கேட்கவில்லை? சொதி கொதித்தால் கொதிக்கட்டும் என்று ஏன் வந்து பக்கத்தில் இருக்கவில்லை?

20.03.2024

என்ன பிழை பிள்ளை?

23.03.2024 சனி

யாமினி வந்தாள். மதுரைப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் சிவாஜினியோடு ஒரே அறையில் இருந்து ஆராய்ச்சி செய்தவள். இவர் கிரவீன் ரயில் ஸ்டேசனில் போய்க் காரில் ஏற்றி வந்தார். தேத்தண்ணி குடிக்கும்வரை அழாமல் இருந்தாள். குளிர்பெட்டிக் கதவில் சிவாஜினி ஒட்டி வைத்த இரண்டு படங்களையும் கண்டதும் அழுதுவிட்டாள்.

ஒரு படம் சிவப்பு, புகை மாதிரி நீண்டு போகும். மற்றது நீலம், மெல்லிய கோடு, அதில் பாசிமணி கோத்த மாதிரி ஐந்து பொட்டு. இரண்டும் வானத்தில் ஒரே இடம்தான் என்று அவள் சொல்லியிருக்கிறாள். சிவப்பு, தூரத்தில் நரப்ரை என்ற ஊரில் சட்டி மாதிரி வானம் பார்க்கிற வெள்ளைத் தாச்சிகளால் எடுத்தது, ரேடியோ. நீலம் கண்ணாடி வைத்த தொலைநோக்கியால் எடுத்தது. அந்த ஆறு தாச்சியையும் நான் ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறேன். ஆறும் ஒன்றாகக் கழுத்தைத் திருப்பும்.

யாமினி கேட்டாள்: "ஆன்ட்டி, அவ ஒரு ஹார்ட் டிஸ்க் வச்சிருந்தா. கருப்பா, உள்ளங்கை சைஸ்ல. வீட்ல இருக்கா?"

ஏன் என்று கேட்டேன். அவளுடைய ஆராய்ச்சிப் புத்தகத்தில் நாலு பகுதியாம். மூன்று முடிந்தது. நாலாவதும் எழுதித்தான் இருக்கிறாளாம். ஆனால் அந்த இரண்டு படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று எப்படிப் பொருத்தினாள் என்ற வேலை முழுக்க அந்த டிஸ்கிலாம். எட்டு மாத வேலை. "அது இல்லாம புரொஃபசர் கையெழுத்துப் போட மாட்டாங்க. செப்டம்பர் கடைசிக்குள்ள குடுத்தா அவளுக்கு டாக்டர் பட்டம் குடுப்பாங்க ஆன்ட்டி."

"இல்லாத பிள்ளைக்கோ?"

"குடுப்பாங்க. இதுக்கு முன்னாடியும் குடுத்திருக்காங்க."

மேசை லாச்சி, அலுமாரி, கட்டிலுக்குக் கீழ், எல்லாம் தேடினோம். பிறகு யாமினி சொன்னாள், "அடிபடக் கூடாதுன்னு எப்பவும் ஒரு பச்சை சாக்ஸுக்குள்ள போட்டு வச்சிருப்பா."

அலுமாரியைச் சாத்தினேன். தேடிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

24.03.2024

நான்தான் குடுத்தனான். என்ர கையால.

முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்தில குருக்களுக்குத் தானம் குடுக்க வேணும். குடை, செருப்பு, பாய், தலையணை, தட்டம், செம்பு, உடுப்பு. குடுக்கிறதெல்லாம் போற வழியில பிள்ளைக்குப் போய்ச் சேரும். அவள் நரப்ரைக்குப் போகேக்கை எல்லாம் தோளில கொழுவிக்கொண்டு போறது அந்தச் சிவப்புப் பை, அவளின்ர அறைச் சாமானோட வீட்டுக்கு வந்தது. தூரப் பயணம் எண்டால் அவளுக்கு அந்தப் பைதான். அதையும் வைச்சன். சுவெட்டர் வைச்சன், டோர்ச் வைச்சன், தண்ணிப் போத்தில் வைச்சன். உள்ளுக்கு இழுத்துத் திறக்கிற சின்னச் சிப் ஒண்டு இருந்தது. திறந்தன். பச்சைக் காலுறை. தொட்டுப் பாத்தன், உள்ளுக்கு ஏதோ கட்டியா இருந்தது. எடுத்துப் பாத்திருக்கலாம். குளிருமே பிள்ளைக்கு, காலுறையும் போகட்டும் எண்டு சிப்பைத் திரும்ப இழுத்து மூடினன்.

மூடின சத்தம் இப்பவும் கேக்குது.

27.03.2024 புதன்

இவருக்குச் சொன்னேன். கராஜுக்குள் கதிரை போட்டு இருந்தார். இப்போது அங்கேதான் இருக்கிறார், காரும் வெளியில் நிற்கிறது.

"போய்க் கேப்பம்" என்றேன்.

"தானமாக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதோ? உனக்கென்ன விசரே?"

"அந்தக் காலுறை மட்டும்தான்..."

"ஒண்டைத் திருப்பி எடுத்தாலும் முழுத் தானமும் பிள்ளைக்குச் சேராது. அவள் வெறுங்கையோட நிப்பாள். அதுதான் வேணுமோ உனக்கு?"

எடுத்தால் அவள் அங்கே வெறுங்கையோடு நிற்பாள். எடுக்காவிட்டால் இங்கே அவள் எட்டு மாதம் செய்த வேலை இல்லாமல் போகும். நான் எந்தப் பக்கம் நிற்கிறது?

31.03.2024 ஞாயிறு

ஈஸ்டர் லீவு. இவர் வரவில்லை. நடந்தும் பஸ்ஸிலுமாகத் தனிய வென்வர்த்வில்லுக்குக் குருக்கள் வீட்டுக்குப் போனேன். ஐயா வாசலில் பூமரத்துக்குத் தண்ணி விட்டுக்கொண்டு நின்றார். கேட்டதும் குழாயை நிப்பாட்டிவிட்டு நிலத்தைப் பார்த்தார்.

"அம்மா, குறை நினைக்கப்படாது. இந்த ஊரில தானச் சாமானை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது? கராஜ் முட்ட இருபது குடை. நல்ல சாமானை எறியவும் மனம் வரேல்லை. ஊருக்குக் கப்பலில பெட்டி போடுற ஆக்களிட்டைக் குடுக்கிறனான். வன்னியில கஷ்டப்பட்ட சனத்துக்குப் போகும். உங்கட பெட்டி போன கிழமை கப்பலேறீட்டுது."

"அவைக்குத் தெரியுமோ ஐயா, இது இன்ன சாமான் எண்டு?"

"நாங்கள் சொல்லுறேல்லை. சொன்னால் ஆர் தொடுவினம்?"

வன்னியில் விசுவமடுவில் ஒரு வீட்டுப் போன் நம்பர் எழுதித் தந்தார். பெட்டி போய்ச் சேர இரண்டு மாதம் செல்லுமாம். என் பிள்ளையின் பை கடலில் போய்க்கொண்டிருக்கிறது. பஸ்ஸில் வரும்போது நினைத்தேன், அவள் ஒருநாளும் கப்பலில் போனதில்லை.

14.04.2024 ஞாயிறு

வருசப்பிறப்பு. எங்களுக்கு இல்லை. கைவிசேசம் இல்லை, பொங்கல் இல்லை. யாமினி வந்து இருந்தாள். அவளிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தாள். பிறகு, "நாங்க வருசா வருசம் பேக்கப் எடுன்னு அவகிட்ட கத்துவோம் ஆன்ட்டி, நீங்க கடல் தாண்டியே எடுத்து வச்சுட்டீங்க" என்றாள். அழுதுகொண்டு சொன்னாள். நல்ல பிள்ளை.

அவள் என்னத்தைத்தான் அப்படித் தேடினாள் என்று கேட்டேன். நான் கேட்கிறேன் என்று யாமினிக்கு ஆச்சரியம். பிள்ளை இருக்கும்போது நான் கேட்டதில்லை. எனக்கு விளங்காது என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

எனக்கு விளங்கினதை எழுதுகிறேன். கோடிக்கணக்கான வெள்ளிகள், நட்சத்திரங்கள், ஒன்றாகக் கூடின பெரிய கூட்டம். நடுவில் ஒரு கறுப்புக் குழி. கிட்ட வருகிறதையெல்லாம் விழுங்குமாம். விழுங்க முடியாததை இரண்டு பக்கமும் பீச்சி அடிக்குமாம், பைப் வாயில் பெருவிரலை வைத்தால் தண்ணி பீச்சுமே, அதுபோல. அந்தப் பீச்சல்தான் படத்தில் இருக்கிற கோடு.

ரேடியோவில் தெரிகிறது கனகாலம் ஆறாதாம். அடித்து முடிந்து எத்தனையோ ஆயிரம் வருசத்துக்குப் பிறகும் கிடக்கும். கண்ணாடியில் தெரிகிற வெளிச்சம் அப்படி இல்லை, கெதியாக அணைந்துவிடும். அதனால் வெளிச்சம் எங்கே தெரிகிறதோ, அந்த இடத்தில் யாரோ திரும்பத் திரும்ப ஊதி மூட்டுகிறமாதிரி ஏதோ நடந்தால்தான் உண்டு. சிவாஜினி கண்டது என்னவென்றால், கடைசிப் பொட்டில் வெளிச்சம் ஒரு இடத்தில், ரேடியோ இன்னொரு இடத்தில். நடுவில் இடைவெளி. அது புதுசாம். அதுதான் நாலாவது பகுதி.

"எவ்வளவு இடைவெளி?" என்றேன்.

யாமினி நகத்தைக் காட்டினாள். "படத்துல மயிரிழை. அங்க போனா நூத்துக்கணக்கான வருசம் வெளிச்சம் ஓடுற தூரம்."

30.04.2024

பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. இன்றைக்குப் பதினொன்றாக இரண்டு பெட்டி அடுக்கிவிட்டேன். கமலினி தன் பங்கிலிருந்து எடுத்து வைத்தாள்.

26.05.2024 ஞாயிறு

மத்தியானம் இரண்டு மணி. அங்கே காலமை. வைபரில் அந்த விசுவமடு நம்பருக்கு எடுத்தேன். எல்லாவற்றையும் சொல்லிக் கேட்கிறதென்றுதான் எடுத்தேன், கடவுள் சாட்சி.

அந்தப் பெண்ணின் பேர் இரஞ்சிதம். பெட்டி வந்து ஒரு கிழமையாம். சிட்னியில் இருந்து என்றதும் தொண்டை திறந்து கதைத்தா. "சிவப்புப் பையோ? வந்தது அக்கா. என்ர மகள் அதைத்தான் பள்ளிக்கூடம் கொண்டுபோறாள். கழட்டுறாளில்லை. படுக்கேக்கையும் பக்கத்தில வைச்சுக்கொண்டு படுக்கிறாள், பைக்குத்தான் கலியாணம் கட்டி வைக்க வேணும்."

அதைக் கேட்ட பிறகு எப்படிச் சொல்லுறது, அது செத்த பிள்ளையின் சாமான் என்று? சொன்னால் பையைக் கழற்றி எறிவினம். அந்தப் பிள்ளை நாளைக்கு எதைக் கொண்டு பள்ளிக்கூடம் போகும்?

"அதுக்குள்ள ஒரு பச்சைக் காலுறை..."

"கிடந்தது. உள்ளுக்கு ஒரு கறுப்புச் சாமான். எடுத்துப் பத்திரமா வைச்சிருக்கிறன். ஆற்றை அது?"

"என்ர மகளின்ர. தெரியாமல் அதுக்குள்ள போயிட்டுது."

"அச்சோ. பிள்ளை தேடுறாவோ?"

"ஓம்... தேடுறா."

"என்ன படிக்கிறா?"

"வானத்தைப் பற்றி. வெள்ளியளைப் பற்றி."

"அம்மாடி! சுகமா இருக்கிறாவோ பிள்ளை?"

"ஓம். சுகமா இருக்கிறா."

போனை வைத்தேன். பொய் சொன்னேன். ஆனால் சொல்லும்போது ஒரு நிமிசம் அவள் சுகமாக இருந்தாள்.

02.06.2024

இரஞ்சிதத்துக்குத் திரும்ப எடுத்தேன். ஒரு காரணமும் இல்லை. "மகள் நிக்கிறாவோ?" என்றா. "படுத்திருக்கிறா, நரப்ரையில இருந்து விடியத்தான் வந்தவ" என்றேன். பிறகு மெதுவாகக் கதைத்தேன், அவள் எழும்பிவிடுவாள் என்பதுபோல.

எனக்கு என்ன நடக்குது?

16.06.2024 ஞாயிறு

ஒவ்வொரு ஞாயிறும் இப்போது இதுதான். இன்றைக்கு, மகளுக்குத் தடிமன், மூக்கு ஒழுகுது என்று சொன்னேன். ஏன் சொன்னேனோ. வாயில் வந்தது. "கொத்தமல்லி அவிச்சுக் குடுங்கோ அக்கா, வேர்க்கொம்பும் தட்டிப் போடுங்கோ" என்றா இரஞ்சிதம்.

போனை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்க் கொத்தமல்லியை வறுத்து அவிய வைத்தேன். சுக்கைத் தட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் இவர் வாசலில் நிற்கிறதைக் கண்டேன்.

"ஆருக்குத் தடிமன்?"

எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டு நின்றாரோ தெரியாது. ஏசப் போகிறார் என்று நினைத்தேன். பானையை எட்டிப் பார்த்தார். கோப்பை ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். வார்த்தேன். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஊதி ஊதி முழுக்கக் குடித்தார். தடிமன் இல்லாத மனுசன்.

குடித்து முடித்துவிட்டு, "டிஸ்கை எப்பிடி எடுக்கிறதாம்?" என்றார்.

09.07.2024

டிஸ்கைத் தபாலில் போட இரஞ்சிதத்துக்குப் பயம். துலைந்தால் தன்னில் பழி வருமாம். கமலினியின் தமையன் இந்திரகுமார் ஊருக்கு, நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறாராம், விசுவமடுவுக்குப் போய் வாங்கி வருவாராம். திரும்பி வர செப்டம்பர் ஆகும். யாமினி திகதியை எண்ணிப் பார்த்தாள். "டைட்டு, ஆனா முடியும் ஆன்ட்டி."

பேராசிரியர் என்னோடு போனில் கதைத்தா. அரைவாசி விளங்கவில்லை. "ஐ ஆம் சொறி" மட்டும் விளங்கியது. பெயரை மட்டும் வடிவாகச் சொன்னா, சி-வா-ஜி-னி என்று, ஒவ்வொரு எழுத்தாக.

11.08.2024

இன்றைக்கு அவளுடைய தலையணை உறையைத் தோய்த்துவிட்டேன். தெரியாமல். மற்ற உடுப்போடு சேர்ந்து மெசினுக்குள் போய்விட்டது. மணம் போய்விட்டது.

08.09.2024 ஞாயிறு

இந்திரகுமார் வந்தார். பச்சைக் காலுறை. இரஞ்சிதம் அதைத் தோய்த்துக் காயவைத்து, டிஸ்கைத் திரும்ப உள்ளுக்கு வைத்து, வாயில் நூல் கட்டி அனுப்பியிருக்கிறா. கூட ஒரு பாசல், பனங்காய்ப் பணியாரமும், பனங்களியைக் காயவைத்த பினாட்டு ஒரு துண்டும்.

இந்திரகுமார் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இது உங்கட மகளுக்காம். படிக்கிற பிள்ளை சாப்பிடட்டும் எண்டு தந்தவ. நான் ஒண்டும் சொல்லேல்லை அக்கா."

பினாட்டை எங்கே வைக்கிறது? பிள்ளையின் படத்துக்கு முன்னால் வைத்தேன். இவர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பின்னேரம் யாமினி வந்து டிஸ்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போனாள்.

21.09.2024 சனி

யாமினி வந்தாள். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"ஆன்ட்டி, டிஸ்க் நல்லா இருக்கு. எல்லாம் இருக்கு. கடைசியா அவ படங்களப் பொருத்தின ஃபைல்... பிப்ரவரி மூணாம் தேதி. சனிக்கிழமை காலைல."

இடியப்பச் சனிக்கிழமை.

"இடைவெளி இல்ல ஆன்ட்டி. அவ முதல்ல செஞ்சது தப்பு. தப்புன்னு அவளே கண்டுபிடிச்சிருக்கா."

யாமினி குளிர்பெட்டிப் படத்தில் விரலை வைத்துக் காட்டினாள். நீலப் படத்தைச் சரியான இடத்தில் பொருத்த, பக்கத்தில் தெரிகிற வெள்ளிகளை அடையாளமாக வைக்கிறதாம். சுவரில் படம் கொழுவ ஆணி பார்க்கிறமாதிரி. சிவாஜினி வைத்த அடையாளத்தில் மூன்று வெள்ளி அசைகிற வெள்ளியாம். கிட்ட இருக்கிறவை. வெள்ளிகள் நிற்கிற இடத்தைப் பட்டியல் எழுதின வருசத்துக்கும் படம் எடுத்த வருசத்துக்கும் இடையில் ஒரு துளி நகர்ந்துவிட்டதாம். அதைக் கழிக்க மறந்துவிட்டாள். கழித்துப் பார்த்தால் வெளிச்சமும் ரேடியோவும் ஒரே இடத்தில்தான்.

அதுதான் பிழை. ஏழு மாதமா நான் என்னவெல்லாம் நினைச்சன். ஆரையோ விரும்பீட்டாளோ, ஆரோ ஏமாத்தீட்டாங்களோ, வருத்தம் தெரிஞ்சும் எங்களுக்கு மறைச்சாளோ எண்டு. மூண்டு வெள்ளி அசைஞ்சிருக்கு. அவ்வளவுதான் பிள்ளை?

"அப்ப பட்டம்?" என்றேன்.

"நாலாவது சாப்டரே அந்த இடைவெளியப் பத்தித்தான். அது போச்சுன்னா..." நிறுத்திவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நான் இன்னும் புரொஃபசர்கிட்ட காட்டல. பழைய ஃபைலும் அதுல இருக்கு. அத மட்டும் குடுத்தா கையெழுத்துப் போட்டுருவாங்க. நீங்கதான் ஆன்ட்டி சொல்லணும்."

நான் சொல்லுறதோ? ரோல்ஸ் அடுக்குகிற நான்.

உண்மையை எழுத வேணும். சொல்லாதே என்று வாய் வரைக்கும் வந்தது. யாருக்குத் தெரியப் போகிறது? பிள்ளையின் பேருக்கு முன்னால் டொக்டர் என்று ஒரு சொல். அதுக்காகத்தானே தானத்தைத் திருப்பி எடுத்தேன்.

இவர் அப்போதுதான் கராஜிலிருந்து வந்தார். கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். "ஞாயிற்றுக்கிழமை அவள் ஏதும் எழுதினவளோ?" என்று யாமினியைக் கேட்டார். "ஞாயிறு முழுக்க அறைக்குள்ள இருந்தவள். போன் எடுத்தன், பிறகு கதைக்கிறன் அப்பா எண்டவள்."

"ஆமா அங்கிள். வேற ஃபோல்டர்ல இருக்கு. நாலாவது சாப்டரத் திரும்ப எழுத ஆரம்பிச்சிருக்கா. நாலு பக்கம். பாதி வாக்கியத்துல நிக்குது."

திருத்தத் தொடங்கியிருக்கிறாள். சாப்பிட்டுவிட்டுப் போய்த் திருத்தத் தொடங்கியிருக்கிறாள்.

"புரொபசரிட்டைக் காட்டு பிள்ளை. அவள் எழுதினதைக் காட்டு" என்றேன்.

22.09.2024

இரண்டு படத்தையும் கழற்றி யன்னல் கண்ணாடியில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பிடித்துப் பார்த்தேன். அவள் அப்படித்தான் பார்ப்பாள். கை ஒரு துளி அசைந்தாலும் நீலம் சிவப்பைவிட்டு விலகுகிறது. திரும்பக் கொண்டுவந்தால் திரும்ப விலகுகிறது. இவ்வளவுக்குள்தான் எட்டு மாதமும் போயிருக்கிறது.

29.09.2024 ஞாயிறு

இரஞ்சிதம் எடுத்தா. "பணியாரம் மகளுக்குப் பிடிச்சுதோ?"

நான் சொன்னன். மகள் பெப்ரவரியிலயே செத்துப்போயிட்டாள் இரஞ்சிதம். அந்தப் பை தானச் சாமான். பொய் சொல்லிப்போட்டன், என்னை மன்னியும். உங்கட பிள்ளைக்குக் கூடாது எண்டால் எறியுங்கோ, நான் புதுசா வாங்கி அனுப்புறன்.

கோழி ஒன்று கொக்கரித்த சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா, குடையும் செருப்பும் தட்டமும் செம்பும் ஒரே பெட்டியில வந்தால் எங்களுக்கு விளங்காதோ? திறந்த அண்டைக்கே விளங்கினது."

"பிறகேன்...?"

"மழைக்குக் குடை வேணும். பிள்ளைக்குப் பை வேணும். எங்கட வீட்டில சண்டைக்குள்ள போன ஆக்களுக்கு நாங்கள் ஒரு செம்பு குடுக்க ஏலாமல் போச்சு. ஆற்றையோ பிள்ளையின்ர சாமானை நல்லபடி வைச்சிருந்தால் போதும் எண்டு நினைச்சன்."

"அப்ப ஒவ்வொரு ஞாயிறும் மகள் எப்பிடி எண்டு கேட்டனீங்களே."

"நீங்கள் சொல்ல விரும்பினீங்கள் அக்கா. அதாலதான் கேட்டனான்."

பிறகு கேட்டா, இவ்வளவு நாளும் கேட்காதது: "பிள்ளையின்ர பேர் என்ன?"

சிவாஜினி என்று சொன்னேன். மகளைக் கூப்பிட்டு, கொப்பியில் எழுதி வைக்கச் சொன்னா. அந்தப் பிள்ளை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டு எழுதியது எனக்குக் கேட்டது.

27.10.2024

பல்கலைக்கழகத்தில் இருந்து அழைப்பு ஒன்றும் இல்லை, கடிதம் ஒன்றும் இல்லை. யாமினி மட்டும் சொல்லுகிறாள், கூடிக் கதைக்கினமாம்.

12.12.2024 வியாழன்

பல்கலைக்கழகக் கடிதம் வந்தது. யாமினி போனில் வாசித்துச் சொன்னாள். டொக்டர் பட்டம் இல்லை. நாலாவது பகுதி முடியவில்லை என்று தீர்மானித்துவிட்டார்களாம். அதற்குக் கீழ் உள்ள பட்டம் தருகினமாம். பேராசிரியர் தனக்கு இது சரியில்லை என்று எழுதினவவாம். பலன் இல்லை.

இடைவெளி இல்லை என்பதை யாமினி ஒரு சின்னக் கட்டுரையாக எழுதி முடித்திருக்கிறாள். முதல் பேர் சிவாஜினி. பேருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறி வரும், கீழே அதற்கு அர்த்தம் போடுவார்களாம், இவர் காலமாகிவிட்டார் என்று. "போடலாமா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

போடச் சொன்னேன். போனை வைத்துவிட்டு, போட வேண்டாம் என்று சொல்லத் திரும்ப எடுத்தேன். அவள் எடுக்க முன்னம் நிறுத்திவிட்டேன்.

இவரிடம் சொன்னேன். "வரதராஜா சிவாஜினி எண்டு முழுப்பேரும் போடுவினமோ?" என்று மட்டும் கேட்டார்.

24.01.2025 வெள்ளி

டயறி முடிந்துவிட்டது. பின்பக்கத்து வெறும் தாளில் எழுதுகிறேன்.

திதிப்படி நாளைக்கு ஆட்டைத் திவசம், வருசம் முடிகிறது. திரும்ப அதே சாமான்கள். குடை இவர் வாங்கினார். செருப்பு நான். நேற்றுப் பின்னேரம் இவர் ஒரு பையும் வாங்கி வந்தார், கேட்காமல். சிவப்பு. கராஜுக்குள் இப்போது கார் நிற்கிறது.

குருக்களுக்குப் போன் எடுத்துக் கேட்டேன், இது எங்கே போகும் என்று. ஐயா தயங்கினார். "விசுவமடுவுக்கே போடட்டோ அம்மா?" ஓம் என்றேன், அவைக்குத் தெரியும் என்றேன்.

சுவெட்டர் வைத்தேன். டோர்ச் வைத்தேன். ஒவ்வொரு சிப்பாகத் திறந்து கையை விட்டுப் பார்த்தேன். கடைக்காரர் திணித்த கடதாசியை வெளியில் எடுத்தேன். கடைசியாக ஒரு சோடிக் காலுறை, பச்சையில் தேடி வாங்கினது. உள்ளுக்கு ஒன்றும் இல்லை. தெரியும், இல்லை. எண்டாலும் ரெண்டு தரம் அமத்திப் பாத்துப்போட்டுத்தான் வைச்சன்.